பக்கத்து அறைக்கு ஒரு சொம்பு வெந்நீர்

"பக்கத்து ரூம்ல இருக்கிற பாப்பாவுக்குக் குளிராதாம்மா?"

ஆறு வயதுப் பச்சையம்மா ஒரு மார்கழி மாலையில் தன் தாயிடம் கேட்ட கேள்வி இது. இதை மட்டும் அவள் கேட்காமல் இருந்திருந்தால், அன்று நடந்ததை எனக்குச் சொல்ல அவள் தாய் மாணிக்கம்மாள் இருந்திருக்க மாட்டாள். பயமுறுத்துவதற்காக நான் எதையும் சேர்க்கவில்லை. ஒடுகத்தூர் கோயிலில், எரிகிற விளக்கின் எதிரே நின்றுகொண்டு அவள் சொன்னது இது. சாமி முன்னால் பொய் சொல்லுகிறவள் அல்ல அவள்.

1981 டிசம்பர். அரைப்பரீட்சை லீவு.

மலைக்குப் போய் இரண்டு நாள் தங்கவேண்டும் என்பது மாணிக்கம்மாளின் நெடுநாள் திட்டம். கணவன் காசி ஒடுகத்தூரில் சைக்கிள் கடை வைத்திருந்தான். கல்யாணமாகி ஏழு வருடத்தில் கோயிலைத் தவிர வேறெங்கும் அவளைக் கூட்டிப் போனதில்லை. ஜமுனாமரத்தூரில் வெளியூர்க்காரர்கள் வந்து தங்குகிற வீடுகள் இருக்கின்றன, அருவி இருக்கிறது, விடியற்காலைப் பனி ஜன்னல் வரைக்கும் வரும் என்று யாரோ கடையில் சொல்லக் கேட்டிருந்தாள். அவள் ஆசைப்பட்டது அதிகமில்லை. ஒரே ஒரு காலை, எழுந்ததும் அடுப்பு மூட்டாமல், மகளை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பனியைப் பார்க்க வேண்டும்.

காசியின் அக்காள் ராணியம்மாளுக்கு விஷயம் தெரிந்தது. அடுத்த நாளே அவள் கணவர் கோபால்சாமி வந்து உட்கார்ந்துவிட்டார்.

"இன்னாடா மாப்ள, மலைல எனக்குத் தெரியாத எடமா? ரெண்டு ரூமு இருக்கிற வூடு ஒண்ணு கீது. ஊருக்கு வெளிய, சத்தம் கித்தம் இருக்காது. நீ கம்முனு இரு, நான் பாத்துக்கறேன்."

மூன்று பேர் ஐந்து பேரானார்கள். மாணிக்கம்மாள் புளிக்காய்ச்சல் கிண்டினாள், பாத்திரம் கட்டினாள், கரியடுப்பைக் கோணியில் சுற்றினாள். அடுப்பு அவளுக்கு முன்னால் ஜீப்பில் ஏறிக்கொண்டது. ஆலங்காயம் தாண்டி மலை ஏறும்வரை அவள் யாரிடமும் பேசவில்லை. அப்படி ஒரு கோபம்.

நாலரை மணிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ரோடு போடும்போது ஒரு கான்ட்ராக்டர் கட்டிவிட்டுப் போன வீடு. கான்கிரீட் தளம், கண்ணாடி ஜன்னல், ஒரே வராண்டா. வராண்டாவில் அடுத்தடுத்து இரண்டு அறைகள். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் வேடியப்பன் முதல் அறையை மட்டும் திறந்துவிட்டான்.

"ரெண்டு ரூமுன்னு சொன்னாங்களே?" என்றாள் மாணிக்கம்மாள்.

"அது வுடறதில்லைங்க."

"ஏன்?"

"வுடறதில்லைங்கம்மா."

சொல்லிவிட்டுக் கோபால்சாமியை உற்றுப் பார்த்தான். "அய்யா முந்தியே வந்து தங்கியிருக்கீங்க, இல்ல?"

"நானா? இல்லப்பா. இதான் மொத தபா."

வேடியப்பன் விறகும் கரியும் கொண்டு வந்து போட்டான். "அடுப்ப வராண்டாவுலயே வெச்சிக்கங்க. உள்ள வேணாம்" என்று சொல்லிவிட்டு, பொழுது சாய்வதற்குள் கீழே தன் வீட்டுக்குப் போய்விட்டான்.

கோபால்சாமி வாளியை எடுத்துக்கொண்டு வீட்டின் பின்பக்கம் போனார். கிணறு எங்கே என்று அவர் யாரையும் கேட்கவில்லை. மாணிக்கம்மாள் அதைக் கவனித்தாள். ஆனால் அதை யோசிக்க அவளுக்கு ஏது நேரம்? ஐந்து பேருக்கு ஒரு அறை. வந்த இடத்திலும் அதே அடுப்பு, அதே புகை. நாத்தனார் கட்டிலில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு, "பனி நல்லா கீது, இல்ல?" என்றாள்.

மாணிக்கம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு உலை வைத்தாள்.

ஆறே முக்கால். வெளியே கை நீட்டினால் கை தெரியாத பனி.

அப்போதுதான் இருமல் கேட்டது.

குழந்தை இருமல். இரண்டு அறைக்கும் நடுவில் ஒரு கதவு இருந்தது, அவர்கள் பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தது. அதற்கு அப்பாலிருந்து வந்தது.

"பாத்தியா!" என்று மாணிக்கம்மாள் கணவன் மேல் பாய்ந்தாள். "வுடறதில்ல வுடறதில்லன்னு சொல்லிட்டு வேற ஆளுக்கு வுட்டிருக்கான். கேக்க ஒரு நாதி இல்ல!"

"காலைல கேட்டுக்கலாம், வுடு."

"காலைல கேட்டு? ராத்திரிக்கு உங்க தலைமேலயா படுக்கறது?"

காசி போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டான். அப்போது, நடுக்கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல்.

"அம்மா... கொஞ்சம் வெந்நீர் குடுங்கம்மா... புள்ளைக்கு..."

கோபால்சாமியின் கையிலிருந்த டம்ளர் சாய்ந்து, காபி வேட்டியில் கொட்டியது.

"ஒண்ணும் குடுக்காத, தங்கச்சி" என்றார் வேட்டியை உதறிக்கொண்டே. "இன்னிக்கு வெந்நீர்னு கேப்பா, நாளைக்கு சோறுன்னு வந்து நிப்பா."

அந்தச் சமயத்தில் மாணிக்கம்மாளுக்கும் அது நியாயமாகவே பட்டது. நடுக்கதவைப் பார்த்துக் கத்தினாள். "அந்த ரூமுக்கும் சேத்துத்தான் நாங்க பேசிக்கினு வந்தோம். எங்க எடத்துல படுத்துக்கினு எங்ககிட்டயே வெந்நீர் கேக்கறியா?"

மறுபடி இருமல் மட்டும்.

பச்சையம்மா அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"பக்கத்து ரூம்ல இருக்கிற பாப்பாவுக்குக் குளிராதாம்மா?"

மாணிக்கம்மாள் மகளை முறைத்தாள். பிறகு எழுந்து போய் அடுப்பில் தண்ணீர் வைத்தாள். மனம் இளகி அல்ல. முணுமுணுத்துக்கொண்டே விசிறினாள், முணுமுணுத்துக்கொண்டே சொம்பில் ஊற்றினாள். கோபத்தோடு செய்தாலும் நல்லது நல்லதுதான் என்று நான் நம்புகிறேன்.

பனியில் தடவிக்கொண்டு போய் அடுத்த அறையின் ஜன்னல் திட்டில் சொம்பை வைத்தாள். "இந்தா, வெச்சிருக்கேன். எடுத்துக்கோ!"

உள்ளே வெளிச்சமில்லை. ஒரு நன்றி வார்த்தையும் இல்லை. அதுவும் அவள் கோபத்தில் சேர்ந்தது.

ஏழரைக்குச் சாப்பாடு முடிந்தது. எச்சில் தண்ணீரைக் கொட்ட வெளியே வந்தாள். அவர்கள் வாசற்படியில் சொம்பு இருந்தது. கழுவி, கவிழ்த்து வைத்திருந்தது. அடுப்புக் கரி படிந்து கறுத்திருந்த சொம்பு. யாரோ சாம்பல் போட்டு விளக்கி, பளபளவென்று ஆக்கியிருந்தார்கள்.

காலடிச் சத்தம் எதுவும் கேட்டிருக்கவில்லையே என்று ஒரு கணம் தோன்றியது... அவ்வளவுதான்.

குளிர் தாங்க முடியவில்லை. கோபால்சாமி கனன்றுகொண்டிருந்த கரியடுப்பைத் தூக்கி அறைக்குள் வைத்தார். ஜன்னல்களைச் சாத்தினார். கதவிடுக்கில் துண்டைச் சுருட்டி அடைத்தார்.

"அந்த ஆளு உள்ள வேணான்னு சொன்னானே மாமா?" என்றான் காசி.

"அவன் கெடக்கறான். இப்ப பாரு, கதகதன்னு இருக்கும்."

இருந்தது. எட்டரைக்குள் எல்லோரும் தூங்கிவிட்டார்கள்.

மாணிக்கம்மாளுக்கு மட்டும் தூக்கம் வரவில்லை. தலை வலித்தது. கோபப்பட்டதால் வந்த வலி என்று நினைத்துக்கொண்டாள். கண்கள் மெல்லச் சொருகின...

டொக்... டொக்...

நடுக்கதவு.

"அம்மா... எழுந்திரிங்கம்மா..."

மறுபடியும் வெந்நீரா? 'அண்ணன் சொன்னது சரிதான். ஒரு தடவ குடுத்தா ராத்திரி பூரா கேப்பாங்க.' புரண்டு படுத்தாள்.

டொக்... டொக்... டொக்...

"எழுந்திரும்மா!"

இந்தத் தடவை அது கெஞ்சல் இல்லை. அதட்டல்.

காதைப் பொத்திக்கொண்டாள். உடம்பு கல்லாகக் கனத்தது.

தடார்!

கதவு அதிர்ந்தது. தாழ்ப்பாள் குதித்தது. தடார்! தடார்! சுவரிலிருந்து காரை உதிர்ந்தது. இரண்டு கையாலும் அறைகிறாள்... இல்லை, உடம்பையே கொண்டு வந்து மோதுகிறாள்.

"எழுந்திருடீ!"

"டீ"யா? மாணிக்கம்மாளின் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. பக்கத்தில் கணவன் அசையவில்லை. நாத்தனார் அசையவில்லை. இவ்வளவு சத்தத்தில் ஒருவர்கூட அசையவில்லை.

'பொணம் மாதிரி தூங்குதுங்க!' என்று திட்டிக்கொண்டே எழுந்தாள். அறை சுழன்றது. கால்கள் அவள் பேச்சைக் கேட்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, அரிக்கேன் விளக்கைத் தூக்கிக்கொண்டு, அவளை நேரில் பார்த்து நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று வாசற்கதவைத் திறந்தாள்.

குளிர்காற்று முகத்தில் அறைந்தது.

தட்டல் நின்றது. அந்த அறையில் குழந்தை மட்டும் இருமிக்கொண்டிருந்தது.

தள்ளாடி அடுத்த அறைக்குப் போனாள். விளக்கை உயர்த்தினாள்.

பூட்டு.

துருப்பிடித்த பூட்டு. அதிலிருந்து நிலைவரைக்கும் சிலந்தி வலை. வலை முழுவதும் பனித்துளி. ஓர் இழைகூட அறுபடவில்லை...

பொணம் மாதிரி...

பொணம் மாதிரி!

ஓடினாள். விழுந்தாள். தவழ்ந்தாள். முதலில் மகளை இழுத்தாள். குழந்தையின் தலை துவண்டு தொங்கியது. வராண்டாவில் கிடத்திக் கன்னத்தில் அறைந்தாள். "பச்சே... பச்சே..."

மூச்சு இல்லை.

மறுபடி அறைந்தாள்.

உள்ளே, பூட்டிய அறையில், இருமல் நின்றது.

வெளியே, பச்சையம்மா இருமினாள்.

காசியை இழுத்தாள். நாத்தனாரை இழுத்தாள். கடைசியில் கோபால்சாமி, மூட்டை போலக் கனத்தார். அவரையும் இழுத்தாள்.

விடிந்ததும் வேடியப்பன் வந்தான். வராண்டாவில் வாந்தியெடுத்துக்கொண்டு கிடந்தவர்களையும், அறைக்குள்ளிருந்த கரியடுப்பையும் பார்த்தான்.

"இன்னாம்மா பண்ணிட்டீங்க? எங்க வூட்டு நடுவுல நெருப்பு எரியும், கூரை மூச்சு வுடும். இந்த வூடு மூச்சு வுடாதும்மா, கரிக் காத்து உள்ளயே நின்னு ஆளக் கொன்னுடும். நான் சொல்லிட்டுத்தான போனேன்?"

"அந்த ரூம்ல யாரு?" என்றாள் மாணிக்கம்மாள்.

அவன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தான்.

"ரோடு வேலைக்கு வந்த பொண்ணும்மா. முனியம்மான்னு பேரு, படவேட்டுப் பக்கம். புருசன் வேலைக்குப் போய்ட்டு வரல. கைப்புள்ளைக்கு இருமல். ரெண்டு வருசம் ஆச்சு, இதே மார்கழி. இந்த ரூம்ல கீழருந்து வந்தவங்க தங்கியிருந்தாங்க, அடுப்பு எரியுது, பாட்டு பாடிக்கினு கீறாங்க. இது நடுக்கதவத் தட்டி வெந்நீர் கேக்குது. நான் வெறகு போட வந்தேன், என் காதால கேட்டேன். உள்ளருந்து ஒருத்தரு சொன்னாரும்மா... 'இன்னிக்கு வெந்நீர்னு கேப்பா, நாளைக்கு சோறுன்னு வந்து நிப்பா'ன்னு."

வேடியப்பன் நடுக்கதவு இருந்த பக்கம் கையைக் காட்டினான்.

"நான் எங்க வூட்டுக்கு ஓடி வெந்நீர் வெச்சி எடுத்தாந்தேன். அதுக்குள்ள அந்தப் பொண்ணு, தங்க வந்தவங்க வராண்டாவுல கொட்டின கரிய ஒரு சட்டியில வாரிக்கினு போயி, கதவ ஜன்னல சாத்திக்கினு படுத்திருக்குது. தூங்குதுன்னு நெனச்சி நான் திரும்பிட்டேன். கீழருந்து வந்தவங்க விடியறதுக்கு முந்தியே கெளம்பிட்டாங்க. காலைல தாயும் புள்ளையும் ரெண்டு பேருமே கண்ணு முழிக்கல."

மாணிக்கம்மாள் கோபால்சாமியைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்கண்ணா" என்றாள். "இதான் மொத தபாவா?"

அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். ராணியம்மாள் அழ ஆரம்பித்தாள். ஊர் போய்ச் சேரும்வரைக்கும், அதற்குப் பிறகு பல மாதமும், மாணிக்கம்மாள் கோபால்சாமியின் முகத்தில் விழிக்கவில்லை. அந்தக் கோபம் முழுவதும் தீர்ந்துவிட்டதென்று இன்றைக்கும் அவள் சொல்வதில்லை.

அடுத்த மார்கழி. படவேட்டுக்குச் சாமி கும்பிடப் போகிறேன் என்று காசியிடம் சொன்னாள். அம்மன் முன் சூடம் ஏற்றிவிட்டு, பஸ் மாறி, ஜீப் ஏறி, தனியாக மலைக்குப் போனாள். வீடு பூட்டிக் கிடந்தது. வேடியப்பனைக்கூட அவள் கூப்பிடவில்லை.

வீட்டுக்கு வெளியே, திறந்த வெளியில், மூன்று கல் கூட்டினாள். சுள்ளி பொறுக்கித் தீ மூட்டினாள். அதே சொம்பில் வெந்நீர் வைத்தாள். பச்சையம்மா சின்னக் குழந்தையாக இருந்தபோது போர்த்திய கம்பளித் துண்டு ஒன்றைப் பையிலிருந்து எடுத்தாள். இரண்டையும் அந்த ஜன்னல் திட்டில் வைத்தாள்.

"சூடா கீது. ஆத்திக் குடு" என்றாள் மெதுவாக.

தீயை அணைத்துவிட்டுப் படியிறங்கி நடந்தாள். பத்தடி போயிருப்பாள்.

பின்னால், ஜன்னல் திட்டிலிருந்து சொம்பை யாரோ எடுக்கிற சத்தம்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.