மலையாண்டி எழுத இருந்த கடைசிப் பத்தி

கண்ணுச்சாமியும் மலையாண்டியும் மதுரையில் ஒரே கல்லூரியில் புவியியல் வாத்தியார்கள். கண்ணுச்சாமியின் அப்பா சமயநல்லூருக்கு மேற்கே ஊரார் வயல்களில் கூலிக்குப் போனவர். மலையாண்டி குடும்பத்துக்கு அதே பக்கம் தோட்டமும் கிணறும் உண்டு. ஊரிலேயே இருந்திருந்தால் ஒருவர் வீட்டுக்குள் இன்னொருவர் காலெடுத்து வைத்திருக்க மாட்டார். கல்லூரியில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. கோச்சடையில் மலையாண்டி வீட்டில் கண்ணுச்சாமிக்குத் தனித் தட்டெல்லாம் கிடையாது. மலையாண்டியின் மனைவி ஜெயக்கொடி அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவார்.

எழுபதுகளின் நடுவில் இருவரும் சேர்ந்து ஓர் ஆராய்ச்சி தொடங்கினார்கள். ஆனையூரிலிருந்து சமயநல்லூர் வரை கிணறு கிணறாகச் சைக்கிளில் போய், கயிற்றில் இரும்புக் குண்டைக் கட்டி இறக்கித் தண்ணீர் மட்டத்தை அளப்பது. கரண்டு மோட்டார் வந்த பிறகு நிலத்தடித் தண்ணீருக்கு என்ன ஆகிறது என்பதுதான் கேள்வி. ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அதிலேயே போயின. நாய் துரத்தியிருக்கிறது. மோட்டார் திருட வந்தவர்கள் என்று நினைத்து ஒரு தோட்டத்தில் கட்டிவைக்கவே பார்த்தார்கள்.

எண்பத்திரண்டில் அட்டவணைகள் முடிந்தன. மழை நன்றாகப் பெய்த வருஷங்களிலும் சின்னக் கிணறுகள் வற்றியிருந்தன. பக்கத்துத் தோட்டக்காரர்கள் கிணற்றை ஆழப்படுத்தி, அடியில் துளை போட்டு, நாள் முழுக்க மோட்டார் ஓட்டிய இடங்களில்தான் அப்படி. முதலில் வற்றியவை காலனித் தெருக்களின் குடிதண்ணீர்க் கிணறுகள். கண்ணுச்சாமியின் அம்மா ஒச்சம்மாள் தண்ணீர் எடுத்த கிணறும் அதில் ஒன்று.

ஓர் ஆய்வுப் பத்திரிகைக்கு இங்கிலீஷில் எழுதிவந்த கட்டுரையில் முடிவுரையும் பரிந்துரையும் மட்டும் பாக்கி. கண்ணுச்சாமி எழுத உட்கார்ந்தபோது மலையாண்டி காகிதத்தை இழுத்துக்கொண்டார்.

"இதை நீ எழுதாத கண்ணு. நீ எழுதுனா, காலனிக்காரன் வயித்தெரிச்சல்ல எழுதியிருக்கான்பாங்க. எங்க வீட்டுக் கெணத்தையும் சேத்து நான் எழுதுறேன். எவன் என்ன பேசுறான்னு பாப்போம்."

"உங்க அண்ணன் சும்மா விடுவாரா?"

"அவர்கிட்ட நான் பேசிக்கிறேன். அடுத்த வாரம் தாரேன்."

அந்த வாரத்திலேயே, வகுப்பில் கரும்பலகைப் பக்கம் திரும்பிய மலையாண்டி அப்படியே சரிந்தார். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போனது. சில வாரம் கழித்து ஒரே ஒரு சொல் திரும்பி வந்தது.

"இல்ல."

கண்ணுச்சாமி பார்க்கப் போனபோது மலையாண்டி அவர் கையை இடது கையால் பிடித்துக்கொண்டு, "இல்ல... இல்ல..." என்றார். கண்ணில் நீர் வழிந்தது.

"என்ன இல்லைங்கிறான்மா?"

"எல்லாத்துக்கும் அதான்ணே," என்றார் ஜெயக்கொடி. "காப்பி வேணுமான்னு கேட்டாலும் இல்லம்பாரு. குடுத்தா குடிச்சிருவாரு. பிள்ளைகளைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே இல்லங்கிறாரு."

மூளையில் பேச்சுக்குரிய இடம் பாதிக்கப்பட்டிருக்கிறது என்றும், உள்ளே எவ்வளவு புரிகிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் டாக்டர் சொல்லியிருந்தார். தலையை அசைத்தாலும் ஆமாமா இல்லையா என்று பிரித்தறிய முடியவில்லை.

இதற்குள் பத்திரிகையிலிருந்து கட்டுரையைக் கேட்டு இரண்டு தடவை கடிதம் வந்துவிட்டது. அந்த இதழை விட்டால் அடுத்தது எப்போது என்று தெரியாது. கண்ணுச்சாமி இரண்டு முடிவுரை எழுதினார். ஒன்றில், ஆழ்கிணறுகளே காரணம், அவற்றுக்கு வரம்பு வேண்டும், காலனிகளுக்கு அரசாங்கம் உடனே தண்ணீர் தர வேண்டும் என்று நேராக இருந்தது. மற்றதில், மட்டம் இறங்கியிருக்கிறது, காரணத்தை உறுதிசெய்ய மேலும் ஆய்வு தேவை என்று மட்டும் இருந்தது. இரண்டையும் எடுத்துக்கொண்டு கோச்சடைக்குப் போனார்.

மலையாண்டியின் அண்ணன் சிவனாண்டி அங்கே இருந்தார். தோட்ட வேலையைப் போட்டுவிட்டு வந்து, தம்பியைக் குளிப்பாட்டுவது முதல் எல்லாம் அவர்தான் செய்துகொண்டிருந்தார். கண்ணுச்சாமி நேரான முடிவுரையைத் தமிழில் சொல்லி மெதுவாகப் படித்தார். மலையாண்டி கூரையைப் பார்த்தபடி கேட்டார்.

"இல்ல," என்றார்.

"அதான் வேணாங்கிறானே, வாத்தியாரே," என்றார் சிவனாண்டி.

கண்ணுச்சாமி அடுத்ததைப் படித்தார். அதற்கும் "இல்ல." இரண்டு தாள்களையும் மலையாண்டியின் பக்கத்தில் கட்டிலில் வைத்து, "எதுன்னு தொட்டுக் காட்டுப்பா," என்றார். இடது கை எழுந்தது. காகிதத்தின் மேல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு இரண்டையும் சேர்த்துக் கீழே தள்ளிவிட்டது. கோபத்தில் தள்ளினாரா, கை சொன்னபடி கேட்கவில்லையா என்பது அங்கே யாருக்கும் விளங்கவில்லை.

வாசல் வரை வந்த சிவனாண்டி சொன்னார். "நான் தோட்டத்துக்காகப் பேசலை. வாயில்லாமக் கெடக்கான். அவன் சொல்லாததை அவன் பேருல எழுதிராதீக. அம்புட்டுத்தான்."

சிவனாண்டி சொன்னதில் நியாயம் இருந்தது. நேராக எழுதுவேன் என்று மலையாண்டி தன் வாயால் சொன்னார் என்பதற்குக் கண்ணுச்சாமியைத் தவிர சாட்சி இல்லை. மலையாண்டி பேரை எடுத்துவிட்டு எழுதலாமென்றால், பாதி உழைப்பைத் திருடியதாகிவிடும். எழுதாமலே விட்டால் இத்தனை வருஷ அளவும் அலமாரியில் கிடந்து மக்கும். மேலும் ஆய்வு தேவை என்று முடிந்ததைத்தான் கடைசியில் இரண்டு பேர் பெயரும் போட்டு அனுப்பினார்.

அடுத்த வருஷம் கட்டுரை அச்சாகி வந்தது. கொண்டுபோய்க் காட்டினார். மலையாண்டி இடது கையால் பக்கங்களைத் தள்ளித் தள்ளிக் கடைசிப் பக்கத்துக்கு வந்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உரக்க, "இல்ல! இல்ல! இல்ல!" என்றார். ஜெயக்கொடி ஓடிவந்து நெஞ்சைத் தடவிவிட்டார்.

"சந்தோசமாத்தாண்ணே இருக்கும். பேரைப் பாத்திருப்பாருல்ல."

கண்ணுச்சாமி தலையாட்டினார். நம்பினாரா என்றால் தெரியாது. அந்தக் கோடை முடிவதற்குள் மலையாண்டி இறந்துபோனார். பாடைக்குத் தோள்கொடுக்கச் சிவனாண்டி கண்ணுச்சாமியைக் கூப்பிட்டார். சொந்தக்காரர்களில் சிலர் முகம் சுளித்தார்கள்.

அதுவரை கோடையில் மட்டும் வற்றிவந்த, ஒச்சம்மாளின் காலனிக் கிணறு எண்பத்தாறில் அடியோடு வற்றியது. பெண்கள் குடத்தோடு சமயநல்லூர் ரோடு வரை நடந்தார்கள். தெருக்காரர்கள் கூடி மனு எழுதி, படித்தவர் கூட வந்தால் நல்லது என்று கண்ணுச்சாமியையும் அழைத்தார்கள். அட்டவணைகள் பேசுமென்று நம்பி, கட்டுரையை மனுவோடு அவரே சேர்த்தார்.

பொதுப்பணித்துறை அலுவலகத்தில் இருந்த இன்ஜினியர் மரியாதையாக உட்காரச் சொன்னார். கட்டுரையின் முதல் பக்கத்தைப் பார்த்தார். நடுவில் அட்டவணைகளைத் திறக்கவே இல்லை. நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போய் விரலை வைத்தார்.

"சார், காரணம் உறுதியாகலைன்னு நீங்களே எழுதியிருக்கீங்களே. இதை வச்சுக்கிட்டு நான் எந்தத் தோட்டத்து மோட்டாரை நிறுத்தச் சொல்ல முடியும்?"

கூட வந்தவர்கள் கண்ணுச்சாமி முகத்தைப் பார்த்தார்கள். அவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். படுக்கையில் கிடந்த ஒருவரைப் பற்றி, அந்த மேஜைக்கு முன்னால் என்னவென்று சொல்வது?

"பரிசீலிக்கிறோம்," என்று மனுவை வாங்கி வைத்தார் இன்ஜினியர்.

வெளியே வந்ததும் பேயாண்டி என்ற கிழவர் கேட்டார். "என்னப்பா அதுல எழுதியிருந்த? நம்மளுக்குத் தோதாத்தானே?"

"ஆமா, சித்தப்பா," என்றார் கண்ணுச்சாமி.

எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். சமயநல்லூர் பஸ்ஸில் கூட்டம். எல்லோருக்கும் டிக்கெட்டும் அவரே எடுத்தார்.