பத்து சஹனைப் பதினொன்றாக்கிய கணக்கு

போன ஞாயிற்றுக்கிழமை நான் பட்ட பாடு இருக்கே... எதிரிக்குக்கூட வரக்கூடாது. இத்தனைக்கும் கல்யாணம் என் வீட்டில் இல்லை. பக்கத்து வீட்டு காதர் நானா வீட்டில்! (நானா என்றால் அண்ணன்.)

நானாவுக்கு மாத்தளை டவுனில் அரிசிக் கடை. ஒரே மகள். மாப்பிள்ளைக்குக் கலேவெல. 'எங்க பக்கம் ஆம்பளைங்க அறுபது பேர் வருவோம்' என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். முஸ்லிம் கல்யாணத்தில் சாப்பிட்டவர்களுக்குத் தெரியும் — ஒரு பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அந்தத் தட்டுதான் சஹன். அறுபதை ஆறால் வகுத்தால் பத்து. பத்து சஹனிலும் நெய்ச்சோறு குவித்து, ஆட்டிறைச்சியும் ஆளுக்கு ஆள் பிய்த்துக்கொள்ள ஒரு முழுக் கோழியும் வைத்து, மூடி வைத்தாயிற்று. எங்கள் ஆட்கள் முன்னாடியே சாப்பிட்டாச்சு. அண்டாவில் ஒரு பருக்கை மிச்சமில்லை.

பஸ் வந்து நின்றது. எனக்குத்தான் சும்மா இருக்கத் தெரியாதே... இறங்கிய தலைகளை எண்ணினேன். அறுபத்தாறு! வழியில் நாவுலவில் ஆறு சொந்தக்காரர்கள் ஏறிக்கொண்டார்களாம்.

சொன்னதும் நானாவின் முகம் வெளுத்துப்போனது.

"யா அல்லாஹ்... ஒரு சஹன் குறையுதே தம்பி! என்ட மகள்ட கல்யாணத்துலயா இப்படி?"

அவர் பயந்ததற்குக் காரணம் இருந்தது. மாப்பிள்ளையின் பெரியவாப்பா, அதாவது பெரியப்பா, லேசுப்பட்டவர் இல்லை. கடைசியில் வைக்கிற இனிப்பு வட்டலப்பம் போதவில்லை என்று ஒரு கல்யாண வீட்டிலிருந்து தன் ஆட்களை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போன மனுஷர்! புதிதாக உலை வைக்கவும் நேரமில்லை. நிக்காஹ் முடிந்ததும் சோறு வந்தாகணும்.

பதற்றத்தில் சிலருக்குச் சாமி ஞாபகம் வரும். எனக்குப் பள்ளிக்கூடத்துப் பின்னம் ஞாபகம் வந்தது. பத்து சஹன் சோற்றைப் பதினொன்றில் போட்டால் ஒவ்வொன்றிலும் எவ்வளவு குறையும்? பதினொன்றில் ஒரு பங்குதான். அது கண்ணுக்குத் தெரியுமா என்ன?

"நானா, ஒவ்வொரு சஹன்லயும் ரெண்டு கை சோறு, ஒரு துண்டு இறைச்சி எடுங்க. பதினொண்ணாவது தானா வந்துரும். யாருக்கும் விளங்காது."

"கோழிக்கு எங்க போறது?" என்றார் சமையல்காரர்.

ஐயையோ! பின்னம் சோற்றுக்குச் சரி. முழுக் கோழியிடம் பலிக்குமா?

"எல்லாத்தையும் வெட்டுங்க!"

"மாப்பிள்ள வீட்டாளுங்களுக்கு வெட்டின கோழியா தம்பி?" நானா அழுதுவிடுவார் போலிருந்தது.

"முழுசா வச்சா பத்துன்னு எண்ணுவாங்க. வெட்டி வச்சா யாரு எண்ணப்போறாங்க?"

வெட்டினார்கள். பள்ளிவாசலிலிருந்து இன்னொரு வெறும் சஹனும் வந்தது. பரிமாறியதும் நான் கைகழுவத் தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் பெரியவாப்பா பக்கத்திலேயே நின்றேன். அவர் சோற்றைப் பார்த்தார். கோழியைப் பார்த்தார்.

"வெட்டினது நல்லதாப்போச்சு. எனக்குப் பல்லு இல்ல" என்றார்!

நானா ஓரமாகப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒருத்தனிடம் நிறைய எடுத்தால் சண்டை வரும். எல்லாரிடமும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்தால் சத்தமே வராது... என்ன அருமையான கணக்கு!

கடைசியாக மாப்பிள்ளையின் கூட்டாளி ஒருவர் கைகழுவ வந்தார். தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"ஏங்க, சஹனுக்கு ரெண்டு கை எடுத்துட்டீங்க போல?"

நான் செம்பைக் கீழே வைத்தேன். "எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?"

"பயப்படாதீங்க, வெளிய சொல்ல மாட்டேன். தோட்டத்துல கொழுந்து நிறுக்கிறது நான்தானுங்க. கூடைக்கு ரெண்டு ராத்தல் கழிச்சுத்தான் பறிச்ச பொம்பளைங்க பேருல எழுதுவோம். கழிச்சது தோட்டத்துத் துரை கணக்குல ஏறிடும்."

சிரித்துக்கொண்டே போய்விட்டார். என்னுடைய அதே அருமையான கணக்கு!

நாங்கள் எடுத்த சோறாவது, இன்னும் ஆறு பேர் வயிற்றுக்குப் போனது!