சேறு கழுவிய குற்றம்

வெள்ளம் வடிந்த அன்று எங்கள் தெருவே வாசலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டது. ஒருத்தி மட்டும் துடைப்பத்தை எடுத்தாள். அந்தப் பாவத்துக்கு அவள் பட்ட பாடு இருக்கிறதே, அதைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

அவளைப் பெற்றவர்கள் என்ன பெயர் வைத்தார்களோ, தெருவில் யாருக்கும் தெரியாது. பினாயில் அக்கா என்றால் தபால்காரர் நேரே வந்து நிற்பார். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் ஆபரேஷன் அறையைக் கழுவித் துடைக்கும் வேலைக்குச் சின்ன வயதில் போனவள், தலை நரைத்துத்தான் வெளியே வந்தாள். தரையில் ஒரு சொட்டு அழுக்கு தங்கினால் ஓர் உயிர் போகும் என்று அங்கே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். வேலையை விட்டாலும் அந்தப் பயம் அவளை விடவில்லை. நாம் அவளிடம் பேசப் போனால் முகத்தைப் பார்க்க மாட்டாள், நம் காலைத்தான் பார்ப்பாள்.

கீழ்வீடு அவளுடையது. ஒரு கூடம், ஒரு சமையலறை, பின்னால் துணி துவைக்க ஒரு மூலை. மாடி என்னுடையது. தண்ணீர் ஜன்னல் வரைக்கும் ஏறியபோது ஒரு பையைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தாள். பையில் இரண்டு புடவை, பாங்கு பாஸ்புக், ஒரு பினாயில் பாட்டில். வந்த கையோடு என் ஃபிரிட்ஜை நகர்த்தி அதன் பின்பக்கத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்குவதைவிடக் கீழே போய் வெள்ளத்திலேயே நின்றிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

தண்ணீர் இறங்கியதும் மூட்டுவலியோடு கீழே போனாள். சேற்றை வாரினாள், சுவரைச் சுரண்டினாள், சுண்ணாம்பு அடித்தாள், தரையைத் தேய்த்துத் தேய்த்து முகம் தெரியும்படி ஆக்கினாள். மற்றவர்கள் அழுது முடிப்பதற்குள் இவள் வீடு கல்யாணத்துக்குத் தயாரான மாதிரி நின்றது.

அதற்குப் பிறகுதான் அறிவிப்பு வந்தது. தனியாக இருக்கும் வயதானவர்களின் வீடு வெள்ளத்தில் பாழாகியிருந்தால் பழுதுபார்க்கப் பணம் தருவார்களாம். அதிகாரி நேரில் வந்து பார்ப்பாராம்.

எதிர்வீட்டு மளிகைக்கடைக்காரர் அன்றைக்கே முதியவர் ஆனார். அதுவரை மூட்டை தூக்கும்போது வராத முதுகுவலி திடீரென்று வந்தது. மனைவியை மகள் வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனிமையிலும் வாடினார். அவர் வீட்டுப் படியைத் தாண்டித் தண்ணீர் போகவே இல்லை. அதனாலென்ன? ஊரார் வாரிக் கொட்டிய சேற்றைக் கூடையில் அள்ளிக்கொண்டு போய்த் தன் கூடத்தில் பரப்பினார். காய்ந்துவிடக் கூடாதே என்று ஈரச் சாக்கைப் போர்த்தி, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தார். பெற்ற பிள்ளையை அப்படி வளர்த்திருந்தால் அவன் உருப்பட்டிருப்பான். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம்!

அக்காவுக்கு நிஜமான நாசம் தரைக்கு அடியில் இருந்தது. துடைக்கும்போது கூடத்து மூலையில் ஊற்றிய தண்ணீரைத் தரை குடித்துக்கொண்டே இருந்தது. தட்டினால் காலி டப்பா மாதிரிச் சத்தம். கொத்தனாரை அழைத்து வந்தேன். அவர் காதை வைத்துக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"அடியில மண்ணையெல்லாம் தண்ணி அரிச்சிட்டுப் போயிடுச்சும்மா. தரையை உடைச்சு, மண்ணு நிரப்பி, புதுசா போடணும். விட்டா சுவரும் இறங்கும்."

சுவர் இறங்கினால் மாடியும் இறங்கும். ஆகவே என் அக்கறையில் கொஞ்சம் சுயநலமும் உண்டு, மறைப்பானேன்.

தரை போட அக்காவிடம் வழியில்லை. வெளியூரில் இருக்கும் மகனுக்குப் போன் போட்டாள். அவன் காத்துக்கொண்டிருந்தவன் போலப் பேசினான்.

"அந்தப் பாழடைஞ்ச வீட்டை இன்னும் எதுக்கும்மா கட்டிக்கிட்டு அழற? வந்த விலைக்குத் தள்ளிட்டு இங்க வந்துடு. ஹால்ல உனக்கு இடம் இருக்கு."

அந்த இடம் எங்களுக்குத் தெரியும். செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில். ஒருமுறை போனவள் இரண்டாம் நாளே திரும்பி வந்துவிட்டாள். மருமகள் துடைப்பத்தை ஒளித்து வைத்துவிட்டாளாம். இந்தத் தரை நின்றால் அக்கா இங்கே இருப்பாள். இல்லையென்றால் செருப்புகளோடு செருப்பாக அங்கே கிடப்பாள்.

அதிகாரி வந்தார். வாசலிலேயே நின்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"ஏம்மா, இங்க தண்ணி வந்துச்சா?"

"ஜன்னல் வரைக்கும் வந்துச்சு சார். செருப்பை வெளியில விட்டுட்டு வாங்க."

"சேறு எங்க?"

"அதைப் போய் யாராவது வீட்டுக்குள்ள வெச்சிருப்பாங்களா?"

"பாதிப்பு தெரியணும்மா."

"தரைக்கு அடியில பூரா பொள்ளல் சார், மண்ணே இல்லை."

"அடியில இருக்கிறதெல்லாம் எங்க கணக்குல வராது. மேல தெரியணும். என் ஆபீஸே இவ்வளவு சுத்தமா இல்லை."

பாதிப்பு இல்லை என்று எழுதிவிட்டு எதிர்வீட்டுக்குப் போனார். அங்கே கடைக்காரர் வளர்ப்புச் சேற்றில் கணுக்கால் புதைய நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். அதிகாரி உச்சுக்கொட்டினார். முழு உதவி.

வந்த கோபத்தில் அக்காவையும் விடவில்லை.

"அழுத பிள்ளைக்குத்தான் பால். உனக்கு அழத்தான் தெரியாது, அழுக்கையாவது விட்டு வெச்சிருக்கக் கூடாதா?"

"ஏண்டி, நாறுமேடி."

மறுநாள் அந்த ஆபீசுக்குப் போனேன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க வேண்டுமே. வரிசையில் நின்றேன், கெஞ்சினேன், கடைசியில் கத்தினேன். கத்தியதுதான் வேலை செய்தது. மறுபடி வந்து பார்ப்பதாகச் சொல்லி என்னை அனுப்பினார்கள்.

அவர் வரும் நாள் காலையில் நானே கடைக்காரரிடம் போய்ச் சேறு கேட்டேன். தன் காரியம் முடிந்துவிட்டதால் தாராளமாகக் கொடுத்தார். "கொஞ்சம் தண்ணி தெளிச்சுக்கோ" என்று யோசனை வேறு. இரண்டு வாளி சேற்றைக் கொண்டுபோய் அக்காவின் கூடத்தில் கொட்டிப் பரப்பினேன். அவள் ஸ்டூலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணை மூடியிருந்தாள்.

"அவர் வர்ற வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு உட்காரு. உனக்குப் புண்ணியமா போகும்."

"சரிடி."

காலையில் வருவதாகச் சொன்ன மனுஷன் மத்தியானம் சாப்பிட்டு ஏப்பம் விட்ட பிறகுதான் வந்தார். அவரோடு நான் கீழே இறங்கினேன். வாசலிலேயே பினாயில் வாசனை மூக்கைத் துளைத்தது. உள்ளே தரை பளபளவென்று மின்னியது. அக்கா துடைப்பானைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"முடியலடி," என்றாள் என்னைப் பார்க்காமல். "ஆபரேஷன் ரூம் ஞாபகம் வந்துடுச்சு."

அவளை ஓங்கி ஓர் அறை விடலாமா, கட்டிக்கொண்டு அழலாமா என்று எனக்குத் தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. செருப்பு அலமாரிதான் கதி என்று நினைத்தேன்.

அதிகாரிக்குக் கோபம்.

"விளையாடுறீங்களா? எத்தனை தடவை வர்றது? எங்கம்மா பொள்ளல்?"

அக்கா மூலையைக் காட்டினாள். அவர் விடுவிடுவென்று போனார்.

"இதுவா?" என்று குதிகாலால் ஓங்கி மிதித்தார். "கல்லு மாதிரி இருக்கு!" மறுபடி மிதித்தார். "இதுக்குப் போய்..."

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகருமாம். மூன்றாவது மிதியில் படக்கென்று ஒரு சத்தம். அதிகாரியின் வலது கால் முழங்கால் வரை தரைக்குள் போய்விட்டது.

"அய்யோ!" என்றார் அவர்.

"அசையாதீங்க!" என்று கத்தினாள் அக்கா.

தன் மேல் எவ்வளவு அக்கறை என்று அவர் நினைத்திருப்பார். அவள் கந்தல் துணியோடு ஓடினாள்.

"அந்தக் காலோட வேற எங்கயும் மிதிச்சிடாதீங்க சார். இப்பத்தான் துடைச்சேன்."

இரண்டு பேரும் சேர்ந்து அவரைத் தூக்கினோம். முழங்கால் வரை அசல் வெள்ளச் சேறு. தண்ணீர் தெளித்து வளர்த்ததல்ல. தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. அக்கா ஸ்டூலில் உட்காரவைத்துச் சோப்புப் போட்டுக் கழுவி, மருந்து தடவி, துணி சுற்றிக் கட்டினாள். அடியில் இருப்பது கணக்கில் வராது என்றவர் அடியிலேயே கால் விட்டுப் பார்த்துவிட்டார். எழுத வேண்டியதை எழுதினார். போகும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வெளியே போய்த்தான் மாட்டினார்.

பணம் வந்தது. கொத்தனார் தரையை உடைத்தார், மண் நிரப்பினார், புதுத் தரை போட்டார். அக்கா அதன் மேல் என்னை நடக்கவே விடவில்லை.

தரை காய்ந்த வாரம் மகன் வந்தான். வெள்ளத்துக்கு வராதவன், சேற்றுக்கு வராதவன். ஷூவோடு நேரே கூடத்து நடுவில் போய் நின்று சுற்றிப் பார்த்தான்.

"சூப்பரா இருக்கும்மா! இப்ப வித்தா நல்ல விலை போகும். ஆளு கூடப் பார்த்து வெச்சிருக்கேன்."

நான் வாயைத் திறந்தேன். அக்கா கையைக் காட்டி என்னை அடக்கினாள். முதல்முறையாக அவள் ஒருவரின் காலைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள். அப்புறம் வாளியையும் துணியையும் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள்.

"வாசல்லேர்ந்து நீ மிதிச்சதெல்லாம் தெரியுது பாரு. துடைச்சுக்கிட்டே வெளியில போ."