பெரியவ சொன்னா சரி

“வந்துச்சாம்மா? நல்லாப் பாத்துச் சொல்லு. கண்ணால பாத்தியா?” என்று மகளிடம் போனில் கேட்டுக்கொண்டிருக்கிறார் சர்வர் அக்கா. அனுப்பியது ஒரு போட்டோ. இரண்டு நீல டிக் விழுந்துவிட்டது. அக்காவுக்கு அது போதாது.

எங்கள் மருத்துவமனைக்குச் சாலையின் இரு பக்கமும் கட்டடங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு சர்வர் கணினி; இரண்டையும் பராமரிப்பவர் அக்கா. ஒன்றில் விழும் ஸ்கேன் படம் மற்றதற்கும் தானாகப் போய்ச் சேர வேண்டும். சேரவில்லையென்றால் ஸ்கேன் அறையிலிருந்து நான் குரல் கொடுப்பேன். அக்கா ஸ்குரூ டிரைவரைக் கொண்டையில் செருகிக்கொண்டு வந்து நிற்பார். எதிர்க் கட்டடத்து சர்வர் அவருக்குப் ‘பெரியவ’. என் பின்னறையில் இருப்பது ‘சின்னவ’. ஒரு குட்டி ஃபைலை அங்கே போட்டுவிட்டு இங்கே வருகிறதா என்று பார்ப்பதுதான் முதல் வைத்தியம். வராவிட்டால் திட்டு: “அக்கா சொன்னா தங்கச்சி கேக்கணும்ல? என்னடி வீம்பு உனக்கு?” கடிகாரம் பிசகியிருக்கிறதா, இடம் நிரம்பிவிட்டதா, யாராவது ஃபைலை மூடாமல் போய்விட்டார்களா என்று ஒவ்வொன்றாகத் துருவுவார். குற்றவாளி பெரும்பாலும் நான்தான்.

போன வாரம் பெரியவளின் டிஸ்க் படுத்துவிட்டது. அக்கா புதிது மாட்டினார். அது சுத்தக் காலி. படங்கள் எல்லாம் சின்னவளிடம்தான். அவளிடமிருந்து பெரியவளுக்கு நிரப்ப வேண்டும். என் அறையில் உட்கார்ந்து இருவரையும் இணைத்தார். யாரிடம் இருப்பது அசல் என்று கணினி கேட்டது. “பெரியவ சொன்னா சரி” என்று பழக்கத்தில் வாய் முணுமுணுக்க, கையும் அதையே அழுத்திவிட்டது.

என் திரையில் பட்டியல் சுருங்கத் தொடங்கியது. போன வருடத்துப் படங்களைக் காணோம். அடுத்து போன மாதத்தவை. பெரியவளிடமே ஒன்றுமில்லை என்றால் நமக்கும் வேண்டாம் என்று சின்னவள் தன்னிடம் இருந்ததையெல்லாம் துடைத்துக்கொண்டிருந்தாள். எதிர்க் கட்டடத்தில் ஒரு தச்சர் தலை ஆபரேஷனுக்குக் காத்திருந்தார். எங்கே கத்தி வைப்பது என்று காட்டும் படம் இங்கே மட்டும்தான் இருந்தது. சற்று முன்தான் அவர் மனைவி கதவருகே வந்து, “படம் நல்லா விழுந்துச்சுங்களா?” என்று கேட்டிருந்தார். “விழுந்துச்சும்மா” என்று சொல்லியிருந்தேன். அக்காவின் தோளைப் பிடித்துத் திரைப் பக்கம் திருப்பினேன்.

“ஐயையோ, என்ன காரியம் பண்ணிட்டேன்!”

நாற்காலி கவிழ அக்கா எழுந்தார். மவுஸைத் தொடவே இல்லை. பின்னறைக்குப் பாய்ந்து சின்னவளைப் பெரியவளோடு இணைக்கும் கேபிளை வெடுக்கென்று பிடுங்கினார். பட்டியல் நின்றது. அன்றைய தேதி மட்டும் மிச்சம். அதில் தச்சர் இருந்தார்.

படத்தை சிடியில் ஏற்றிக்கொண்டு சாலையைக் கடந்து ஓடினேன். வாங்கிக்கொண்ட டாக்டர், “ஏன் இப்படி மூச்சு வாங்குது?” என்றார்.

திரும்பி வந்தபோது அக்கா பின்னறைத் தரையில் உட்கார்ந்திருந்தார், முகம் வெளிறிப்போய். “அழிஞ்சதெல்லாம் ஒதுக்குப்புறமா ஒரு எடத்துல கெடக்கு. எடுத்துரலாம்” என்றார். அது அவர் குரலாகவே இல்லை.

“கேபிளக் குடுங்கக்கா, நான் வச்சுக்கறேன்” என்றேன். தலையை ஆட்டி மறுத்தார்.

டீ வந்தது. இடது கையால் வாங்கிக் குடித்தார். கேபிள் முனையைப் பொத்தியிருந்த வலது கையைத் திறக்கவே இல்லை.