பெனரில் மட்டும் படித்த பிள்ளை

புதுக் கொம்பியூட்டருக்கு ஒரு மணம் இருக்கிறது. பெட்டி பிரித்த பிளாஸ்டிக்கும் ஏசிக் குளிரும் சேர்ந்த மணம். அதற்குள் என் கையில் இருந்த தட்டின் மீன் பற்றிஸ் மணமும் கலந்திருந்தது... அந்தக் காலையை நினைத்தால் முதலில் மூக்குக்குத்தான் ஞாபகம் வருகிறது.

அப்போது எனக்குப் பதினைந்து வயது. கொட்டாஞ்சேனையில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள் உள்ள ஒரு சந்து எங்களுடையது. அப்பா துறைமுக வேலையில் காலில் அடிபட்டுப் படுத்த பிறகு, அம்மா பொரிக்கிற பற்றிஸும் கட்லட்டும்தான் எங்களுக்குச் சோறு போட்டன. அம்மாவுக்கு உதவியாக, ஒன்பதாம் ஆண்டோடு நான் பள்ளிக்கூடத்தால் நின்றேன்.

சந்து முனை மண்டபத்தின் மேல்மாடியை, உலகம் முழுக்கக் கிளை வைத்திருக்கும் ஒரு கொம்பனி கொம்பியூட்டர் சென்டராக மாற்றித் தந்தது. பின்னேரங்களில் இலவச வகுப்பு என்றார்கள். திறப்பு விழாவுக்குப் பற்றிஸ், கட்லட் என்று ஷோர்ட் ஈட்ஸ் ஓடர் அம்மாவுக்குக் கிடைத்தது. தட்டைத் தூக்கிக்கொண்டு நான் போனேன்.

விழாவைச் செவ்வாய்க்கிழமை காலையில் வைத்திருந்தார்கள். வெளிநாட்டுச் சேர்மாருக்குப் பின்னேரம் பிளைட்டாம். செவ்வாய்க்கிழமை காலையில் பிள்ளைகள் எங்கே இருப்பார்கள் என்று அத்தனை படித்தவர்களில் ஒருவரும் யோசிக்கவில்லை. வகுப்புக்குப் பெயர் கொடுத்த பிள்ளைகள் எல்லோரும் பள்ளிக்கூடத்தில். இங்கே வரிசையாகக் கதிரைகள்... வெறுமையாக.

கொம்பனி மிஸ்ஸுக்கு வியர்த்துவிட்டது, அந்த ஏசிக்குள்ளும். அப்போதுதான் என்னைக் கண்டார்.

"தங்கச்சி, அந்தத் தட்ட அங்கால வச்சிட்டு வாங்க. இதுல இருங்க."

"நான் ஷோர்ட் ஈட்ஸ் கொண்டு வந்தனான், மிஸ்."

"ஓம் ஓம், பரவாயில்ல. சும்மா இருங்க."

சந்தில் என்னைப் போலப் பள்ளிக்கூடம் போகாமல் நின்ற இன்னும் சிலரையும் கூட்டிவந்து இருத்தினார்கள். படம் எடுக்கிற சிங்கள அண்ணா, "நங்கி, பொட்டக் ஹினாவென்ன" என்று சிரிக்கச் சொன்னார். எனக்கு வெட்கத்தில் தலையே நிமிரவில்லை. கீபோர்டையே பார்த்துக்கொண்டு இருந்தேன். "ஹரி ஹரி, எஹெமம இன்ன" என்றார். அப்படியே இருக்கட்டுமாம். படத்தில் அது, உலகத்தையே மறந்து படிக்கிற பிள்ளை மாதிரி விழுந்தது. அதைத்தான் பிறகு பெரிய பெனராக அடித்துச் சென்டர் வாசலில் கட்டினார்கள்.

ஒரு வெள்ளைக்காரச் சேர் என் பக்கத்தில் வந்து 'வெரி குட்' என்றார். நான் என்ன செய்தேன் என்று இன்றைக்கும் தெரியாது.

ஆனால் அந்தக் கதிரை எனக்குப் பிடித்துவிட்டது. என்னை இருத்தியபடியால் இடமும் எனக்குத்தான் என்று நினைத்தேன். வகுப்பு தொடங்கிய நாள் வெங்காய மணம் போகக் கையைத் தேய்த்துக் கழுவி, நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனேன். வாசலில் வேறொரு மிஸ்.

"எத்தனையாம் ஆண்டு படிக்கிறீங்க?"

"நிண்டுட்டன் மிஸ்."

"ஐயோ, இது ஓ/எல் சோதனை எடுக்கிற பிள்ளைகளுக்கு மட்டும். கொம்பனி ரூல்ஸ் அது." பிறகு என் முகத்தை உற்றுப் பார்த்தார். "உங்கள எங்கயோ பாத்திருக்கன்."

"வெளிய பெனர்ல, மிஸ்."

"அட ஓம். வடிவா வந்திருக்கு, என்ன?"

வந்த வழியே திரும்பினேன். அம்மாவிடம் சொன்னபோது, மாவு பிசைந்த கையோடு எழும்பிவிட்டா. "உன்ட முகம் வேணும், நீ வேணாமோ அவங்களுக்கு?"

அங்கே படித்த பிள்ளைகள் நன்றாகத்தான் படித்தார்கள், அதை மறைக்கவில்லை. ஆனால் பெனரில் இருந்தவர்களில் ஒருவர்கூட அந்தப் படிகளில் ஏறவில்லை. நான் தட்டோடு சந்தில் போனால், "என்ன கொம்பியூட்டர் மிஸ், இண்டைக்கு கட்லட் இல்லையோ?" என்று கேட்பார்கள். பெனரில் இருந்த என் முகம் வெயிலில் வெளுத்துப்போகும் வரைக்கும் கேட்டார்கள்.

இப்போது நான் வெள்ளவத்தையில் போட்டோகொப்பியும் அடிக்கிற ஒரு கொமியூனிகேஷன் கடையில் டைப் பண்ணுகிறேன். முதலாளி அக்கா திட்டித் திட்டிப் பழக்கிவிட்ட வேலை. போன மாதம் அந்தக் கொம்பனியில் இருந்து ஒரு புது மிஸ் கடைக்கே வந்தார். என்னைத் தேடிப் பிடித்தாராம்.

"எங்கட சென்டர்ல படிச்சு இண்டைக்கு வேலை செய்றீங்க. ஒரு சின்ன வீடியோ எடுப்பமா?"

"நான் அங்க படிக்கேல்ல மிஸ். என்னை எடுக்கேல்ல."

மிஸ் கொஞ்சம் யோசித்தார். "அப்ப படிச்சதெண்டு சொல்ல வேணாம். அந்த இடத்தப் பாத்து உங்களுக்கு ஆசை வந்தது எண்டு சொன்னாக் காணும்."

முன்பென்றால் தலையாட்டியிருப்பேன். இந்த முறை வாய் திறந்தேன். எங்கள் சந்தில் ஸ்டெலா என்று ஒரு பிள்ளை, இந்த வருஷம்தான் பள்ளிக்கூடத்தால் நின்றவள். "அவளை வகுப்புக்கு எடுங்க மிஸ், நான் வீடியோக்கு வாறன்" என்றேன்.

"சேரிட்ட கேட்டுச் சொல்றன்" என்று போனார்.

இரண்டு நாளில் மெசேஜ் வந்தது. சேர் ஓகே சொல்லிவிட்டாராம். ஸ்டெலாவையும் கூட்டிவரலாம்... வீடியோவில் எனக்குப் பக்கத்தில் இருத்துவார்களாம். வகுப்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

கடையில் ஆட்கள் நிற்கிறார்கள் என்றும் பார்க்காமல் சிரித்துவிட்டேன். பிறகு எழுதினேன், "முதல் வகுப்பு, பிறகு வீடியோ." பார்த்துவிட்டார் என்று போன் காட்டுகிறது. பதில் இல்லை.

பதினைந்து வயதில், எனக்கு ஏன் இடமில்லை என்று நான் ஒருவரிடமும் கேட்கவில்லை. ஸ்டெலாவுக்கு அந்த வெட்கம் இல்லை. பஸ்ஸால் இறங்கி நான் சந்துக்குள் வரும்போதே, "அக்கா, மிஸ் என்ன சொன்னவ?" என்று தினமும் ஓடி வருகிறாள்.

பதில் வரவில்லை என்று சொல்ல மனமில்லாமல், சேரிட்ட கேட்கிறாங்களாம் என்று நானும் தினமும் சொல்கிறேன். எனக்கே அலுத்துவிட்டது. அவளுக்கு இன்னும் அலுக்கவில்லை.