சந்தனத் தட்டும் மாணவன்களும்

சிதம்பரத்தில் நான் படித்த கல்லூரியில் மகளிர் மன்றம் ஒன்று இருந்தது. அதன் கொள்கைகளை வரிசையாக எழுதி வாசலில் பலகை மாட்டியிருந்தார்கள். வேலை என்னவோ ஒன்றுதான். சிறப்பு விருந்தினர் வந்தால் சந்தனத் தட்டு பிடிக்க வேண்டும். சந்தனம், குங்குமம், கற்கண்டு, ஒரு ரோஜா, பக்கத்தில் இன்னொருத்தி கையில் பன்னீர்ச் செம்பு. பெண் விடுதலை பற்றிப் பேச வருகிறவருக்கும் இதே தட்டுதான்.

முதலாண்டிலேயே என்னை மன்றத்தில் சேர்த்துக்கொண்டார்கள். என்னிடம் ஒரு பட்டுப்புடவை இருந்தது. சேத்தியாத்தோப்பிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தாலும் அது கசங்காது. தலைமைப் பண்பு என்று அவர்கள் தேடியது இதைத்தான். கடலூரிலிருந்து ரயிலில் வரும் என் தோழி கத்தோலிக்கப் பெண். "எங்க வீட்ல பொட்டெல்லாம் வைக்க மாட்டோம், குங்குமத் தட்டு வேணாம்" என்று ஒருமுறை தப்பிக்கப் பார்த்தாள். அவள் வீட்டில் எல்லோரும் பொட்டு வைப்பவர்கள்தான். லேப் உள்ள நாளில் மட்டும் அவளுக்குப் பக்தி முற்றிவிடும். பன்னீருக்கு மதம் கிடையாது என்று அவளிடம் செம்பைக் கொடுத்துவிட்டார்கள்.

எங்களை அழைத்துப் போக வருபவர் மாணவர் பேரவைத் தலைவர். ஆண்டுதோறும் ஆள் மாறுவார்; அந்த நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்ததே இல்லை. லேப் வாசலில் நின்று, டீக்கடையில் டீ சொல்வதுபோல, "மேடம், ரெண்டு பொண்ணுங்க வேணும்" என்பார். நாங்கள் தயங்கினால், "அஞ்சு நிமிஷம்தான்மா" என்பார்.

இரண்டாமாண்டில் அப்படி ஒரு அஞ்சு நிமிஷம் காலை ஒன்பது மணிக்குத் தொடங்கி நண்பகல் தாண்டித்தான் முடிந்தது. விருந்தினர் வழியில் ஸ்ரீமுஷ்ணத்தில் பெருமாளைச் சேவித்துவிட்டு வந்தார். பெருமாள் அவருக்கு அருளினார். எனக்கு வேதியியல் லேப் போயிற்று. அன்று சொல்லிக்கொடுத்த டைட்ரேஷன்தான் செய்முறைத் தேர்வில் வந்தது. பியூரெட்டை முறைத்துப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஃபெயில். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வீடு வரை அழுதேன். அழுது முடித்ததும், அடுத்த வருஷம் நானே பேரவைத் தலைவராவது, ஒரு பெண்ணையும் வகுப்பிலிருந்து எழுப்ப விடக் கூடாது என்று முடிவு செய்தேன்.

மூன்றாமாண்டில் அறிவிப்பு ஒட்டினார்கள்: 'பேரவைத் தலைவர் பதவிக்கு மாணவர்கள் விண்ணப்பிக்கலாம்.' விண்ணப்பித்தேன். பேரவைக்குப் பொறுப்பான பேராசிரியர் சிரித்துக்கொண்டே தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

"மாணவர்னா பசங்கம்மா. உங்களுக்குத்தான் தனியா மன்றம் குடுத்துருக்கோமே."

நேரே தமிழ்த் துறைக்குப் போனேன். அங்கிருந்த தமிழய்யாவுக்கு ஓய்வு பெற ஓராண்டுதான் பாக்கி. "மாணவர்ங்கறது பலர்பால். ஆணும் வரும், பொண்ணும் வரும்" என்றார். உடனே குரலைத் தாழ்த்தி, "நான் சொன்னேன்னு சொல்லாத. எனக்கு எதுக்கு வம்பு" என்றார்.

அவர் பெயரைச் சொல்லாமல் இலக்கணத்தை மட்டும் பேரவைப் பேராசிரியரிடம் சொன்னேன். பேராசிரியர் யோசித்தார். மறுநாள் காலை பலகையில் திருத்தப்பட்ட அறிவிப்பு தொங்கியது: 'மாணவன்கள் மட்டும் விண்ணப்பிக்கலாம்.'

தமிழய்யா பலகை முன் நின்றதை நான் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார். மழைக்காலத்தில் அவர் நாற்காலிக்கு மேலேயே கூரை ஒழுகும். அதற்குக்கூட வாய் திறக்காதவர். அன்று முதல்வர் அறையிலிருந்து அவர் குரல் மைதானம் வரை கேட்டது.

"மாணவன்கள்னு ஒரு சொல்லு உண்டாய்யா? பொண்ணு நிக்கட்டும், நிக்காம போவட்டும், எனக்குக் கவல இல்ல. அந்தச் சொல்லு இனிமே ஒரு நிமிஷம் அங்க தொங்கக் கூடாது!"

'ஆண்கள் மட்டும்' என்று பச்சையாக எழுதியிருக்கலாம். ஆனால் அடுத்த வாரம் கல்லூரிக்குத் தரச் சான்று தரும் ஆய்வுக் குழு வருவதாக இருந்தது. யாருக்கும் துணிச்சல் வரவில்லை. வேறு வழியில்லாமல் 'மாணவர்கள்' பலகைக்குத் திரும்பி வந்தார்கள், நானும் அவர்களில் ஒருத்தியாக நின்றேன். வாக்களிப்பது வகுப்புப் பிரதிநிதிகள். அவர்களில் பெண்கள் ஜாஸ்தி. ஜெயித்தேன். என்னோடு போட்டியிட்டவன் கேன்டீனில், "மச்சான், பலர்பால்ல தோத்துட்டேன்டா" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

பேரவையின் முதல் தீர்மானம் என்னுடையது: தட்டு பிடிக்க இனி எந்தப் பெண்ணையும் வகுப்பிலிருந்து அழைப்பதில்லை, பேரவை உறுப்பினர்களே பிடிப்பார்கள். ஏகமனதாக நிறைவேறியது. ஏகமனதாக நிறைவேறும் எதையும் அதற்குப் பிறகு நான் நம்பியதில்லை.

பேரவைத் தொடக்க விழா அன்று தட்டு பிடிக்க வேண்டிய இரண்டு உறுப்பினர்களையும் காணவில்லை. அவர்களில் வேட்டி கட்டி வந்த ஒருவனை பைக் ஸ்டாண்டில் பிடித்தேன். "நான் தட்டு புடிச்சா பசங்க வாட்ஸ்அப்ல போட்டு ஓட்டுவானுங்க. வேற என்னா வேலன்னாலும் குடு, செய்றேன்" என்றான். அதற்குள் விருந்தினர் கிளம்பிவிட்டார் என்று போன் வந்தது.

தட்டை நானே பிடித்திருக்கலாம். ஆனால் நான் தலைவராயிற்றே; சால்வை போட வேண்டியவள். புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். எங்கே ஓடுகிறேன் என்று யோசிக்கவே இல்லை. கால்களுக்கு வழி தெரிந்திருந்தது. வேதியியல் லேப் வாசலில் போய் நின்றேன்.

"மேடம், ஒரு பொண்ணு வேணும்."

ஓரத்து மேசையில் இருந்த முதலாண்டுப் பெண் திரும்பிப் பார்த்தாள். நான் கையைக் காட்டியது அவளைத்தான். அவள் கை பியூரெட்டின் திருகில் இருந்தது.

"அக்கா, சுடிதார்ல இருக்கேனே. இன்னிக்குத்தான்க்கா டைட்ரேஷன் சொல்லிக் குடுக்குறாங்க."

"துப்பட்டாவ நேராப் போட்டுக்க" என்றேன். "அஞ்சு நிமிஷம்தான்மா."

சொல்லும்போதே எனக்குக் கூசியது. ஆனாலும் அவளை உட்காரச் சொல்லவில்லை. அவள் திருகை மூடிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு என் பின்னால் வந்தாள்.