வேரோனிக்காவின் பதினொரு சட்டிகள்

"வாயை மூடுங்கோ அமிர்தநாதர். என்ர மருமகள் ஒருத்தரோடையும் ஓடேல்லை."

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து, மண்டபத்தில் தேநீரும் பற்றீசும் கொடுத்துக்கொண்டிருந்த நேரம் அது. அமிர்தநாதர் கையில் பற்றீசோடு நின்றார், அசையவில்லை. பங்குச் சபைக்காரர். எங்கள் அஜின்கோர்ட் பகுதியில் எந்தத் தமிழ் வீட்டில் கதவு அடித்துச் சாத்தினாலும் அவருக்குக் கேட்கும்.

"நானோ சொன்னனான் அக்கா? சனம் கதைக்குது. அந்தப் பூக் கழகத்தில ஒரு வெள்ளைக்காரன் இருக்கிறானாம்."

"அவருக்கு எண்பத்து நாலு வயது. முழங்கால் ரெண்டும் மாத்தினது. அவர் எங்கை ஓடுறது, வோக்கரோடையோ?"

சுற்றி நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். மனிதருக்கு ரோசம் வந்துவிட்டது.

"அப்ப ஒரு பூச்சட்டிக்காகப் புருஷனை விட்டிட்டுப் போனவ எண்டு சொல்லுங்கோவன். லெஸ்லி நீங்கள் பெத்த பிள்ளை. பெத்த தாயே மருமகளுக்கு வழக்குப் பேசுற அப்புக்காத்தாய் நிண்டால் நாங்கள் என்ன சொல்லுறது?"

நிற்பேன். பெற்றவள் என்பதால்தான் நிற்கிறேன். என் மகன் செய்ததும் எனக்குத் தெரியும், நான் செய்ததும் எனக்குத் தெரியும். அன்று அந்தச் சனத்துக்கு நடுவிலிருந்து விலகி வீட்டுக்கு வந்துவிட்டேன். இப்போது முழுதாகச் சொல்கிறேன்.

வேரோனிக்கா குருநகர்ப் பிள்ளை. லெஸ்லியைக் கட்டி இருபத்துமூன்று வருடம் எங்களோடு இருந்தாள். அவர்களுடைய ஒரே மகள் நிலக்சி வாட்டர்லூவில் தங்கிப் படிக்கிறாள். யூனியன்விலுக்கு அங்கால் ஒரு பூக்கன்றுப் பண்ணையில் பதினாறு வருடமாக வேரோனிக்காவுக்கு வேலை. கண்ணாடிக் கூடாரத்துக்குள் நாள் முழுக்க நின்று, நகத்தளவு நாற்றுகளைப் பிடுங்கித் தனித்தனியாக நட வேண்டும். ஒரு நாள் குப்பையில் கொட்டச் சொன்ன நாற்றுத் தட்டு ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். எனக்கு அது வாடின முட்டைக்கோவா இலை மாதிரித்தான் தெரிந்தது.

"உதை ஏன் பிள்ளை காவிக்கொண்டு வந்தனி?"

"பிரிமுலா மாமி. பெரிய மலையளின்ர உச்சியில, பாறை வெடிப்புக்குள்ள முளைக்கிற சாதி. சூடு ஆகாது. பனிக்குள்ள கிடந்தால்தான் பூக்கும். இந்த ஊர் பிடிச்ச ஒண்டையாவது வளர்த்துப் பாப்பமே."

அவள் சொன்னதுதான். நான்தான் நம்பவில்லை. பனிக்குள் கிடந்து சந்தோசப்படுகிற உயிரை நான் கண்டதில்லை.

சனிக்கிழமைகளில் குசினி மேசையில் பூதக்கண்ணாடியோடு உட்காருவாள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பேன், அவள் சொல்லிக்கொண்டிருப்பாள். ஓரிக்குலா என்றால் இலை தடிப்பு, பூ மஞ்சள், பூவின் தொண்டைக்குள் மாத் தூவின மாதிரி வெள்ளைப் பொடி. மார்ஜினாட்டா என்றால் இலை அரிவாள் பல்லுப்போல இருக்கும், அந்த விளிம்பில் மட்டும் வெள்ளிக் கம்பி இழுத்த மாதிரி மா. ஹிர்சூட்டாவில் மாவே கிடையாது, இலை முழுக்கப் பொடி மயிர், தொட்டால் விரலில் ஒட்டும். எழுத்துத் தெரியாத எனக்குக் காதுதான் கொப்பி. இன்றைக்கும் மறக்கவில்லை.

பின் வளவில் பழைய யன்னல் கண்ணாடியை மூடியாகப் போட்டு ஒரு மரப்பெட்டி அடித்தாள். அதற்குள் பதினொரு சட்டி. ஒவ்வொரு சட்டியிலும் பேர் எழுதின சின்னப் பட்டி குத்தியிருக்கும்.

அதில் ஒரு சட்டிதான் அவளுடைய உயிர். அவள் சேர்ந்திருந்த பூக் கழகத்தில் விதை மாற்றிக்கொள்வார்கள். மார்ஜினாட்டா என்று எழுதிக் கொடுத்த விதை அது. வளர்த்துப் பார்த்தால் விளிம்பில் வெள்ளி மா இருக்கிறது, சரி, ஆனால் இலை விரலில் ஒட்டுகிறது. "தேனீ கலந்துவிட்டிட்டுது மாமி. இதில ஹிர்சூட்டான்ர ரத்தம் இருக்கு. பட்டியில இருக்கிற பேர் பிழை" என்றாள். ஐப்பசிக் கூட்டத்துக்குச் சட்டியைக் கொண்டுபோனாள். அங்கே நாற்பது பேரில் இவள் ஒருத்திதான் நம்முடைய நிறம். அந்த எண்பத்து நாலு வயதுக்காரர்தான் கழகத்தில் பெரியவர். தொட்டுப் பார்த்தாராம். "இது மார்ஜினாட்டாதான். ஒட்டுறது உன்ர கையில இருந்த கறி எண்ணெய்" என்றாராம். மண்டபம் முழுக்கச் சிரிப்பு. அந்த மனிதரோடுதான் இவள் ஓடினாள் என்கிறார்கள்!

வீட்டுக்கு வந்து சவர்க்காரம் போட்டு நெடுநேரம் கை கழுவினாள். அழவில்லை.

"ஆறு வருசத்தில இப்பதான் முதல் மொட்டு வைச்சிருக்கு மாமி. சித்திரையில பூக்கும். பூவைப் பாத்தால் ஆருக்கும் மறுக்கேலாது. திருப்பியும் கொண்டுபோய் அதே மேசையில வைப்பன்."

தை மாதம் மொன்றியலில் இருக்கிற அவளுடைய தமக்கைக்குத் திடீரென்று மூளையில் இரத்தம் கசிந்துவிட்டது. நான் சந்தி மருந்துக்கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் வேரோனிக்கா பஸ் ஏறிவிட்டாள். அந்தக் கிழமை இருபத்தேழு பாகைக் குளிர், பூச்சியத்துக்குக் கீழே.

நம்முடைய வீடுகளில் புரட்டாசி கழியக் கறிவேப்பிலை மரத்தை உள்ளே எடுக்காதவர் உண்டா? எங்கள் கறிவேப்பிலை வரவேற்பறையில் சூட்டுக் காற்று வருகிற ஓட்டைக்குப் பக்கத்தில் சுகமாக நிற்கிறது. அவளுடைய பிள்ளைகள் வெளியே விறைத்துக் கிடக்கின்றன. எனக்கு மனம் கேட்கவில்லை. சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு போனேன். கண்ணாடி மூடியில் ஒரு தாள், பிளாஸ்ரிக் உறைக்குள் போட்டு ஒட்டியிருந்தது. எனக்கு ஒரு சந்தேகம். திரும்பி வந்து கேட்டேன்.

"தம்பி, பெட்டி மூடியில ஒரு தாள் ஒட்டியிருக்கு. என்னெண்டு ஒருக்கால் வந்து பார்."

லெஸ்லி சோபாவில் படுத்திருந்து ஹாக்கி பார்த்துக்கொண்டிருந்தான். எழும்பவில்லை. "பூவின்ர பேராயிருக்கும் அம்மா. அவள் எல்லாத்திலயும் பேர் எழுதி ஒட்டுறவள்தானே."

எல்லாச் சட்டியிலும் பேர் இருந்தது. நானும் நம்பினேன். சட்டிகள் நிலத்தோடு உறைந்திருந்தன. கேத்தில் சுடுதண்ணீரைச் சுற்றிவர ஊற்றி, ஒவ்வொன்றாகப் பெயர்த்து, கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்தேன். எழுத்துள்ள தாளை எறிய மனம் வராமல் குசினி மேசையின் இழுப்பு லாச்சிக்குள் வைத்தேன். அடுத்த நாள் பார்த்தால் இலை விளிம்பெல்லாம் வெள்ளை. செவ்வரத்தைச் செடியில் பூச்சி பிடித்தால் இப்படித்தான் மா அப்பியிருக்கும். ஈரத் துணியால் ஓர் இலை விடாமல் துடைத்தேன். விளிம்பில் வெள்ளிக் கம்பி என்று அவள் சொன்னது என் காதில் இருந்ததே தவிர, என் கைக்குத் தெரியவில்லை. தினமும் காலையில் தண்ணீரும் விட்டேன். வேரோனிக்கா வந்து பார்த்துச் சந்தோசப்படட்டும் என்று போனில் அவளிடம் வாய் திறக்கவில்லை.

லெஸ்லி தினமும் அவளோடு போனில் கதைத்தான். சோறு தின்றுகொண்டே, "ஓம்... ஓம்... எல்லாம் சரி" என்பான். அவள் என்ன கேட்கிறாள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

இருபது நாள். தமக்கையை அடக்கம் செய்துவிட்டுக் கறுப்புச் சட்டையோடு வந்தாள். வரவேற்பறை வாசலில் நின்றவள் நின்றபடியே நின்றாள். இலைகள் வெளிறி, நீண்டு, துவண்டு கிடந்தன. மொட்டுகள் கபில நிறமாகக் கருகியிருந்தன. அந்த ஒரு சட்டியை எடுத்துச் செடியின் கழுத்தை விரலால் மெல்ல நெரித்தாள். அழுகின வாழைப்பழம்போல அமுங்கிற்று.

"நான்தான் பிள்ளை எடுத்து வைச்சனான்" என்றேன். "குளிருக்குப் பயந்து."

லெஸ்லி இடையில் வந்தான். "அம்மாவில பிழை சொல்லாதை. அவ படிக்கத் தெரியாதவ. தாள் ஒட்டினால் அவவுக்கு என்ன விளங்கும்?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. அவனைத்தான் பார்த்தாள்.

"அதாலதானே உங்களிட்ட வாசல்ல வைச்சுச் சொல்லிப்போட்டுப் போனனான். ஒவ்வொரு நாளும் கேட்டனான், சட்டியெல்லாம் வெளியிலதானே எண்டு. ஓம் எண்டனீங்கள். இந்தக் கதிரையில இருந்துகொண்டுதானே சொன்னனீங்கள்?"

கதிரைக்கும் சட்டிகளுக்கும் இடையில் ஆறடி கூட இல்லை.

"கண்டனான்தான். நீ அங்கை தமக்கைக்காரியோட நிக்கேக்க இதைச் சொல்லி ஏன் குழப்புவான்? ஒரு செடிதானே வேரோனி. வேற வாங்குவம்."

"என்ன பேர் சொல்லி வாங்குவீங்கள்?"

அவன் ஆறு வருடத்தில் அந்தப் பேரை ஒரு தரமும் கேட்டதில்லை.

பிறகு ஒரு கிழமை வேலைக்குப் போனாள், வந்தாள், சமைத்தாள். கழகத்திலிருந்து போன் வந்தால் எடுக்கவில்லை. அந்த மேசையில் இனி வைக்க ஒன்றும் இல்லை. அவர்கள் சிரித்தது சிரித்ததாகவே இருந்துவிட்டது.

சனிக்கிழமை காலை பதினொரு சட்டியையும் கழுவி, வெயில் படுகிற இடத்தில் கவிழ்த்து வைத்தாள். லாச்சியில் கரண்டி தேடியவள் கையில் அந்தத் தாள் தட்டுப்பட்டது.

"மாமி, இதில என்ன எழுதியிருக்கெண்டு அவரிட்டக் கேட்டனீங்களாம்."

"ஓம் பிள்ளை. கேட்டனான்."

வாசித்தாள். "பனிக்குள்ளேயே இருக்கட்டும். தயவுசெய்து எடுக்க வேண்டாம்." மடித்து என் கையில் தந்தாள். "உங்களில எனக்குக் கோவமில்லை. நீங்கள் கேட்டுப்போட்டுத்தான் தொட்டனீங்கள்."

மேலே போய் ஒரு பையோடு இறங்கி வந்தாள். மோர்னிங்சைட்டில் பண்ணைச் சிநேகிதி ஒருத்தியின் வீட்டில் ஓர் அறை இருக்கிறது என்றாள். என்னை வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. நான் மறிக்கவில்லை. அவள் சப்பாத்துக் கட்டும்வரை பையை வைத்திருந்து கொடுத்தேன். கதவையும் நானே திறந்துவிட்டேன். படியில் பனி உருக உப்புத் தூவாத இடத்தைத் தாண்டிக் கால் வைத்து, தெருவில் இறங்கினாள்.

முன்னறையிலிருந்து லெஸ்லி கூப்பிட்டான்.

"அம்மா, கதவைச் சாத்துங்கோ. குளிர் வருது."

நான் சாத்தவில்லை.